சாப்பாட்டுக் கிண்ணம் திறந்திருந்தால் சண்டை கூடாது! கதையோடு விருந்து வைக்கும் ஹவாய் மக்கள்

வீட்டில் சண்டை எப்போது வரும்? பெரும்பாலும் சாப்பிட உட்காரும்போதுதான் வரும். "குழம்பில் உப்பு இல்லை" என்று ஆரம்பிக்கும். மாமியார் வீடு வரைக்கும் போய்விடும்.

பழைய ஹவாய்க் குடும்பங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அங்கே சாப்பாட்டுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் யாரும் கோபமாகப் பேசக் கூடாது. வாக்குவாதம் கூடாது. பேரம் கூடாது.

காரணம் என்ன தெரியுமா? அண்ணன் கேட்டுக்கொண்டு இருக்கிறார்!

யார் அந்த அண்ணன்? கிண்ணத்தில் இருக்கும் கிழங்குதான் அண்ணன்!

எங்கே இருக்கிறது?

ஹவாய், பசிபிக் மாகடலின் நடுவே இருக்கும் தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் 8. தலைநகரம் ஹொனலூலு. 1959-ம் ஆண்டு அமெரிக்காவின் 50-வது மாநிலம் ஆனது. நமக்கு இங்கே மாலை 6 மணி என்றால் அங்கே அதிகாலை 2.30 மணி.

எரிமலை, அலைச் சறுக்கு, பூமாலை, 'ஹூலா' நடனம். ஹவாய் என்றதும் சுற்றுலாப் படங்களில் பார்க்கும் காட்சிகள் இவை. ஆனால் அந்த மண்ணின் சொந்த மக்கள், வருகிற விருந்தாளிக்கு முதலில் காட்டுவது வேறு. ஒரு கிண்ணம் உணவு. கூடவே ஒரு கதை.

கதை இல்லாமல் உணவு மட்டும் போனால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவித்தவர்கள். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பரிமாறுகிறார்கள்.

கிழங்கு அண்ணன் ஆன கதை

அந்தக் கிழங்கு வேறு எதுவும் இல்லை. நம் வீட்டில் வறுவல் செய்கிறோமே, அதே சேம்பு இனம்தான். ஹவாய் மொழியில் 'கலோ' என்கிறார்கள். ஆசியாவில் தோன்றிய இந்தச் செடி, தீவு தீவாகக் கடந்து, படகில் வந்த முன்னோர்களின் கையோடு ஹவாய் வந்து சேர்ந்தது.

இனி கதை.

வாக்கேயா என்பவர் வானத்துத் தந்தை. ஹோஓஹோகூகலானி என்பவள் வானில் நட்சத்திரம் பதித்தவள். இவர்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை உயிரோடு இல்லை. வீட்டின் அருகே மண்ணில் புதைத்தார்கள்.

அந்த இடத்தில் ஒரு செடி முளைத்தது. நீண்ட தண்டு. காற்றில் நடுங்கும் இலை. அதுதான் முதல் சேம்பு. அதற்கு ஹாலோவா என்று பெயர்.

பிறகு இரண்டாவது குழந்தை பிறந்தது. உயிரோடு பிறந்தது. அண்ணன் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அந்த இரண்டாவது ஹாலோவாவின் வழிவந்தவர்களே ஹவாய் மக்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆகவே சேம்பு மூத்தவர். மனிதன் இளையவன். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறார். தம்பி அண்ணனை மண்ணும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் எதிரில் தம்பிகள் அடித்துக்கொள்ளலாமா?

குடும்பத்துக்கு ஹவாய் மொழியில் 'ஓஹானா' என்று பெயர். இதுவும் சேம்பில் இருந்து வந்த சொல்தான். தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் பக்கக் கன்றுக்கு 'ஓஹா' என்று பெயர். அதிலிருந்து 'ஓஹானா'. நாம் 'வாழையடி வாழை' என்கிறோம். அவர்கள் சேம்படி சேம்பு என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

'போய்' என்றால் வா!

இந்தக் கிழங்கில் செய்யும் உணவுக்கு 'போய்' என்று பெயர். வந்து சாப்பிடும் பண்டத்துக்கு 'போய்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று சிரிக்கலாம்.

கிழங்கை நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும். இது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெந்ததும் தோலை நீக்கி, மரப்பலகையில் வைத்து, கல் குழவியால் இடிப்பார்கள். தண்ணீர் விடாமல் இடித்த கெட்டி மாவுக்கு 'பைஅய்' என்று பெயர். தண்ணீர் விட்டுக் கரைத்தால் 'போய்'. பார்க்கக் களி மாதிரி, கூழ் மாதிரி இருக்கும். நிறம் ஊதா கலந்த சாம்பல்.

கரண்டி கிடையாது. விரல்தான். கெட்டியாக இருந்தால் ஒரு விரலால் வழித்துச் சாப்பிடலாம். கொஞ்சம் இளகி இருந்தால் இரண்டு விரல் வேண்டும். இன்னும் தண்ணீராக இருந்தால் மூன்று விரல்! 'ஒரு விரல் போய்', 'இரு விரல் போய்' என்றே பதத்தைச் சொல்வார்கள்.

இரண்டு மூன்று நாள் வைத்தால் புளிக்கும். புளித்ததுதான் ருசி என்கிறவர்கள் நிறைய பேர். நம் ஊர்ப் பழைய சோற்றுக்காரர்களைப் போல!

பாட்டி சொன்னதை எழுதியவர்

இந்த வழக்கங்கள் எல்லாம் வெளியாருக்கு எப்படித் தெரிந்தன? முக்கியக் காரணம் ஒரு பெண்மணி. பெயர் மேரி கவேனா புகூயி.

1895-ம் ஆண்டு ஹவாய்ப் பெரிய தீவில் பிறந்தார். அம்மா ஹவாய்ப் பெண். அப்பா அமெரிக்கர். குழந்தையைத் தாத்தா, பாட்டியிடம் கொடுத்து வளர்க்கச் சொல்வது ஹவாய் வழக்கம். மேரியும் அப்படித்தான் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி பேசிய பேச்சு, கும்பிட்ட முறை, சமைத்த விதம் எல்லாம் மனதில் பதிந்தது.

பிற்காலத்தில் ஹொனலூலு பிஷப் அருங்காட்சியகத்தில் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார். 1957-ல் இன்னோர் அறிஞரோடு சேர்ந்து ஹவாய்-ஆங்கில அகராதி கொண்டுவந்தார். 1983-ல் வெளியான அவருடைய பழமொழித் தொகுப்பில் மட்டும் 2,942 பழமொழிகள்! 1986-ல் காலமானார்.

வழியில் போகிறவரைப் பார்த்து, "வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று வீட்டிலிருந்து குரல் கொடுப்பது ஹவாய் வழக்கம். தெரிந்தவரா, தெரியாதவரா என்று பார்ப்பது இல்லை. அந்த மனதோடுதான் மேரி புகூயி தன் வீட்டுச் சொத்தை ஊருக்குக் கொடுத்தார். கொடுத்ததால் அது பிழைத்தது.

சேர்ந்து சாப்பிட்டால் மரணம்!

இன்று எல்லோரையும் அழைத்து உட்கார வைக்கும் இதே ஹவாயில், ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிட்டால் மரண தண்டனை.

பெண்கள் பன்றிக்கறி சாப்பிடக் கூடாது. தேங்காய் கூடாது. வாழைப்பழ வகையில் பெரும்பாலானவை கூடாது. சில மீன்களும் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், சமையல் முழுவதும் ஆண்கள் வேலை! ஆண்களுக்கு ஓர் அடுப்பு, பெண்களுக்குத் தனி அடுப்பு என்று இரண்டு அடுப்பும் மூட்ட வேண்டியவர்கள் ஆண்களே.

1819-ம் ஆண்டு முதலாம் கமேஹமேஹா மன்னர் இறந்தார். மகன் லிஹோலிஹோ அரசர் ஆனார். ராஜமாதா கேயோபுவோலானியும், மறைந்த மன்னரின் இன்னொரு மனைவியான காஅஹுமனுவும் இந்தக் கட்டுப்பாட்டை ஒழிக்க முடிவு செய்தனர்.

ஒரு விருந்து. ஆண்களுக்குத் தனிப் பந்தி, பெண்களுக்குத் தனிப் பந்தி. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளம் மன்னர் எழுந்தார். பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டார்!

வானம் இடிந்து விழவில்லை. பழைய கட்டுப்பாடுகள் அன்றோடு சரிந்தன. ஒரு வேளைச் சாப்பாடு ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது.

ஊருக்கு ஒரு குழி

ஹவாய் விருந்தின் ராஜா, 'இமு' என்னும் குழி அடுப்பு.

தரையில் குழி வெட்டுவார்கள். விறகு அடுக்கி, மேலே எரிமலைக் கற்களை வைத்துக் கொளுத்துவார்கள். விறகு பெரும்பாலும் 'கியாவே' மரம். அது நம் ஊர் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம்!

கல் பழுக்கக் காய்ந்ததும், நசுக்கிய வாழைத்தண்டும் பச்சை இலைகளும் பரப்புவார்கள். மேலே முழுப் பன்றி, கிழங்கு, மீன். மறுபடி இலை, நனைத்த சாக்கு, கடைசியில் மண். பல மணி நேரம் அப்படியே வேகும். வெளியே எடுத்தால் கறி நார் நாராக உதிரும்.

இந்தக் குழி இன்று அக்கம்பக்கத்தை ஒன்று சேர்க்கிறது. நவம்பர் மாதம் 4-வது வியாழக்கிழமை அமெரிக்காவில் 'நன்றி கூறும் நாள்'. வான்கோழி சமைப்பது வழக்கம். ஹவாயில் அதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடங்களும் ஊர்ச் சங்கங்களும் பெரிய 'இமு' மூட்டுகின்றன. ஜப்பானிய வம்சத்தவர், பிலிப்பினோ, சீனர், போர்ச்சுகீசியர், வெள்ளையர் என்று ஊரே வரிசையில் நிற்கும். அவரவர் தட்டில் அவரவர் வான்கோழி! மறுநாள் காலை வந்து தங்கள் தட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். வசூல் ஆகும் பணம் பள்ளிக்கும் சங்கத்துக்கும் போகும்.

ராத்திரி குழிப் பக்கத்தில் காவல் இருக்கும் வாலிபர்களுக்குப் பெரியவர்கள் கல் அடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே கதையும் நடக்கும். ஹவாயில் உட்கார்ந்து பேசுவதற்கே 'டாக் ஸ்டோரி', அதாவது 'கதை பேசுவது' என்றுதான் பெயர்.

இரண்டடுக்குத் தூக்கு

ஒரு தீவில் இத்தனை இனம் எப்படி வந்தது? கரும்புதான் காரணம்.

கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய 1852-ல் சீனர்கள் வந்தார்கள். பிறகு ஜப்பானியர், போர்ச்சுகீசியர், கொரியர். 1906 முதல் பிலிப்பினோக்கள். எல்லோர் கையிலும் இரண்டடுக்குத் தூக்கு. கீழே சோறு, மேலே தொட்டுக்கொள்ள ஏதாவது.

மத்தியானம் வயல் ஓரத்தில் உட்காருவார்கள். "உன்னிடம் என்ன, என்னிடம் இது" என்று மாற்றிக்கொள்வார்கள். நம் ஆபீஸ்களில் டிபன் கேரியர் திறக்கும்போது நடக்குமே, அதேதான்! மொழி தெரியாதவர்களை முதலில் சேர்த்து வைத்தது தொடுகறிதான். இன்று ஹவாயில் புகழ்பெற்ற 'பிளேட் லஞ்ச்' என்னும் கலப்புச் சாப்பாடு பிறந்த கதை இது.

பன்றிக்கறியோடு மலை ஏறாதே!

ஹவாயில் இரவு நேரத்தில் சொல்லப்படும் கதை ஒன்று. ஹொனலூலுவில் இருந்து மலையைக் கடந்து போகும் சாலைக்கு 'பாலி' சாலை என்று பெயர். ராத்திரியில் பன்றிக்கறி எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போகக் கூடாது. போனால் கார் நின்றுவிடும். கறியைத் தூக்கி எறிந்தால்தான் வண்டி கிளம்பும்!

ஏன்? பெலே என்பவள் எரிமலைத் தேவதை. கமபுவா என்பவன் பாதி மனிதன், பாதி பன்றி. இருவருக்கும் காதலும் உண்டு, சண்டையும் உண்டு. அவள் நெருப்பைக் கக்க, அவன் மழையைக் கொட்ட, கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வறண்ட பக்கம் அவளுக்கு. ஈரமான பக்கம் அவனுக்கு. பன்றிக்கறியோடு மலையைத் தாண்டினால், அவனை அவள் எல்லைக்குள் கொண்டுபோவது போல் ஆகுமாம்!

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் மலையின் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில் என்ற உண்மையைப் பிள்ளைகள் மனதில் பதியவைக்க இதைவிட நல்ல பாடம் உண்டா?

பெலேயைப் பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது. எரிமலைக் கல்லை எடுத்துக்கொண்டு போனால் சாபம் பிடிக்கும் என்பது அது. பயந்துபோன சுற்றுலாவாசிகள் கல்லைப் பார்சலில் கட்டி, மன்னிப்புக் கடிதத்தோடு எரிமலைப் பூங்காவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்! ஆனால் இந்தச் சாபம் பழங்கதை அல்ல, 20-ம் நூற்றாண்டில் முளைத்தது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால், யாராவது ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள்!

50 பிள்ளைகள்கூட இல்லை

வாயை மூடியது யார்?

1893-ம் ஆண்டு ஹவாய் ராணி லிலியுஓகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்சி மொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது.

1834 முதல் 1948 வரை 100-க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வெளிவந்த மொழி அது. பெலே கதையெல்லாம் அவற்றில் தொடர்கதையாக வந்தது. அந்த மொழியைப் பேசினால் பள்ளியில் அடி விழுந்தது. 1980-களின் தொடக்கத்தில், தாய்மொழியைச் சரளமாகப் பேசிய 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 50 பேர்கூட இல்லை!

விருந்து மட்டும் நின்றுவிடவில்லை. ஓட்டல்களில் டிக்கெட் போட்டு நடந்தது. சுற்றுலாவாசிகள் 'போய்' கிண்ணத்தில் விரலை விட்டு, "சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறதே" என்று சிரித்தார்கள். ஹாலோவா கதை தெரியாதவருக்கு அது பசைதான். கதை தெரிந்தவருக்கோ அண்ணனை அவமதித்த மாதிரி. உணவு மட்டும் போய், கதை போகாவிட்டால் இதுதான் கதி.

பிறகு காற்று திரும்பியது. 1978-ல் ஹவாய் மொழி மறுபடி ஆட்சிமொழி ஆனது. 1984-ல் 'பூனானா லேயோ', அதாவது 'குரல்களின் கூடு' என்ற மழலைப் பள்ளி கவாய் தீவில் தொடங்கியது. உள்ளே நுழைந்தால் ஹவாய் மொழி மட்டும்தான். 2011-ல் பழைய பத்திரிகைப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அடித்துக் கொடுத்தார்கள்.

21 நாள் விருந்து

கதையோடு சேர்ந்து உணவும் திரும்பியது.

ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் வாயானே என்ற ஊர். ஹவாய்ப் பூர்வகுடிகள் நிறைந்த இடம். ஓடைத் தண்ணீர் கரும்புக்குப் போனதால் சேம்பு வயல்கள் காய்ந்து புதர் மண்டிவிட்டன. 1970-களின் கடைசியில் ஊர் வாலிபர்கள் புதரை வெட்டியபோது பழைய கல் வரப்புகள் தெரிந்தன. தாத்தா காலத்து வயல்! குழாய் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்றைய காஅலா பண்ணை. பள்ளிப் பிள்ளைகள் சேற்றில் இறங்கிக் கன்று நடுகிறார்கள். கிழங்கு இடிக்கிறார்கள். அண்ணன் கதை கேட்கிறார்கள்.

அதே வாயானேயில் டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1991-ல் மருத்துவ இதழில் வந்தது. உடல் பருத்த 20 ஹவாய்க்காரர்கள். 21 நாள். டப்பா இறைச்சிக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் தடை. சேம்பு, 'போய்', சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, கீரை, கொஞ்சம் மீன், கொஞ்சம் கோழி. வயிறு நிறையச் சாப்பிடலாம், பட்டினி கிடையாது.

முடிவு? சராசரியாக ஆளுக்கு 7.8 கிலோ எடை குறைந்தது. ரத்தத்தில் கொலஸ்டிரால் 14 சதவீதம் இறங்கியது! சர்க்கரை நோயும் இதய நோயும் வாட்டுகிற ஒரு சமூகத்துக்குப் பாட்டி சமையலே மருந்தாக நின்றது.

அண்ணனுக்குக் காப்புரிமையா?

2002-ல் ஒரு சிக்கல் வந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகம், நோயைத் தாங்கும் 3 புதிய சேம்பு ரகங்களுக்குக் காப்புரிமை வாங்கியது. பயிரிடுகிறவர் பல்கலைக்கழகத்திடம் உரிமம் பெற வேண்டும்.

விவசாயிகளும் ஹவாய் மக்களும் கொதித்தார்கள். மூதாதையரை யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா என்பதே அவர்கள் கேள்வி. போராட்டம் வலுத்தது. 2006-ல் பல்கலைக்கழகம் 3 காப்புரிமைகளையும் கைவிட்டது. கோர்ட்டில் வாதாடும் சட்டப் புத்தகம் அல்ல, ஒரு பாட்டிக் கதை அங்கே ஜெயித்தது!

அத்தோடு நிற்கவில்லை. கையால் இடித்த 'பைஅய்' விற்பனைக்குச் சுகாதார விதிகள் குறுக்கே நின்றன. மரப்பலகையும் கல் குழவியும் விதிக்கு ஒத்துவரவில்லை. மக்கள் கேட்டார்கள். 2011-ல் அதை அனுமதித்துத் தனிச் சட்டமே வந்தது.

ஒன்பதாவது தீவு

ஹவாய்க்கு 8 தீவு என்று சொன்னோம். ஒன்பதாவது தீவு ஒன்று உண்டு. அது கடலில் இல்லை. பாலைவனத்தில் இருக்கிறது! அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்துக்குத்தான் அந்தப் பட்டப்பெயர்.

ஓவாஹு தீவில் ஒரு நடுத்தர வீட்டின் விலை 2021-ல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. சொந்த மண்ணில் வாழ வழியில்லாமல் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஒரு செய்தி வெளியானது. அமெரிக்காவில் உள்ள ஹவாய்ப் பூர்வகுடிகளில் ஹவாயில் வாழ்பவர்கள் 47 சதவீதம்தான். 53 சதவீதம் பேர் வெளியே!

1975-ல் லாஸ் வேகாஸில் திறந்த 'கலிபோர்னியா' ஓட்டல், ஹவாய்ப் பயணிகளைக் குறிவைத்து அழைத்தது. சூதாட வந்தவர்கள் ஊரைப் பார்த்தார்கள். பிறகு குடியேறினார்கள்.

பாலைவனத்தில் சேம்பு வயல் ஏது? ஆனாலும் அங்கே ஹூலா பள்ளிகள் நடக்கின்றன. ஹவாய்ச் சங்கம் திருவிழா நடத்துகிறது. பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரரும், வெள்ளைக்காரரும், கருப்பினத்தவரும் வந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளை ஹூலா வகுப்பில் சேர்க்கிறார்கள்.

தீவில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. மண்ணை விட்டுப் போன பிள்ளைகள் அண்ணனை மறந்துவிடுவார்களோ என்ற பயம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பயம் நியாயமானதுதான். லாஸ் வேகாஸில் பிறக்கும் பிள்ளைக்குச் சேற்று வயல் தெரியாது. அதற்குத் தெரியப்போவது, வீட்டில் கிண்ணத்தைத் திறக்கும்போது சொல்லப்படும் கதை மட்டும்தான். சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் இல்லை.

நாளைக்கு மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு வாங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு மக்களுக்கு அது அண்ணன் முறை. வறுவலில் உப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, சாப்பிட்டு முடிக்கும் வரைக்குமாவது சண்டை வேண்டாம்!